குடும்ப பாஸ்

பெரம்பலூர்,
19.9.2004

அன்பு மகள் பிரவீணாவுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது.

இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், நாலு மாதமாக உன் வயிற்றில் குடியிருக்கும் அந்த ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று சிறுவாச்சூர் மதுரகாளியை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

காலையில்தானே போனில் பேசினோம், சாயங்காலமே என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ சொன்ன எல்லாவற்றுக்கும் நான் "சரி, சரி" என்று மட்டும் சொன்னேனே, கவனித்தாயா? உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பேசிய அத்தனை நேரமும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்தார். அதுவும் டெண்டர் விளம்பரப் பக்கம். அவர் காதை வைத்துக்கொண்டு நான் எதைப் பேசுவது? இப்போது டூட்டிக்குப் போய்விட்டார். ஜெயங்கொண்டம் போய் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

நீ சொன்ன மைல் விஷயம் எனக்கு இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது. நான் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. கடையில் ரொக்கம் கொடுக்காமல் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறாய். பில் வந்ததும் பாக்கி வைக்காமல் கட்டிவிடுகிறாய். எப்படியும் வாங்க வேண்டிய சாமான்தான், கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. ஆனால் தேய்த்த ஒவ்வொரு டாலருக்கும் ஒரு மைல் என்று பிளேன் கம்பெனி உன் பேரில் வரவு வைக்கிறது. மைல் நிறையச் சேர்ந்தால் அதை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறது. இவ்வளவுதானே?

இவ்வளவுதானே என்று எழுதிவிட்டேன். எழுதியபின் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டுக் கீரை வாங்கினால் நான் இங்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து துறைமங்கலம் வரை வந்துவிடுவேன். எண்ணெய் வாங்கினால் சிறுவாச்சூர். காருக்குப் பெட்ரோல் போட்டால் பாடாலூர் தாண்டிவிடலாம். மாத மளிகை வாங்கினால் திருச்சியெல்லாம் எந்த மூலைக்கு! அப்படியென்றால் நீ உப்பும் புளியும் வாங்கும்போதெல்லாம், உனக்கே தெரியாத மாதிரி, எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். இங்கே நான் பால்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

நம் பால்வாடி ஆயா சின்னப்பிள்ளையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சொன்னதைக் கேள். "ஏன் டீச்சர், உப்பு வாங்குனா பிளேனு வருதுன்னா, நம்ம இத்தினி வருசமா வாங்குன உப்புக்கு ஒரு டவுன் பஸ்சாவது வந்திருக்க வேணாமா?" என்கிறாள். நியாயமான கேள்வி.

ஆபீசில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போனால் நீ கார்டைத் தேய்த்துவிட்டு அவர்களிடம் காசை வாங்கிக்கொள்வேன் என்றாயே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடுவது அவர்கள், பயணம் எங்களுக்கு. நீ என் வயிற்றில் பிறந்தவள்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்டபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. எப்போதிருந்து சேர்க்கிறாய் என்று கேட்டேன். கல்யாணம் ஆன மாதத்திலிருந்து என்றாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு டிக்கெட்டுக்கு மைல் எப்போதோ சேர்ந்திருக்கும். அப்போதே என்னை மட்டும் அழைத்திருக்கலாம். நீ அழைக்கவில்லை. இரண்டு சேரட்டும் என்று இருந்திருக்கிறாய். உங்கப்பா உன்னோடு பேசாமல் இருந்த அந்த மூன்று வருஷமும் நீ அவருக்கும் சேர்த்து உப்பு வாங்கியிருக்கிறாய்.

இனி அவர் கதைக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும், பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னமோ மைலேஜுன்னு பேசுனீங்களே, எந்த வண்டிக்கி?" மைலேஜ் என்றால் அவருக்கு டீசல்தான். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்று டிப்போவில் கேட்பார்களே, அது. டீசல் மிச்சம் பிடித்ததற்காக அவருக்கு ஒரு தடவை சுவர்க் கடிகாரம் கொடுத்தார்களே, நீயும் அதுபோல எதையோ மிச்சம் பிடித்துப் பரிசு வாங்கிவிட்டாய் என்று நினைத்துவிட்டார். முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. நான்தான் அவசரப்பட்டு, "அதில்லீங்க, நமக்கு ரெண்டு டிக்கெட்டு எடுக்கறாளாம், பிரசவத்துக்கு வரச் சொல்றா" என்று போட்டு உடைத்தேன். முகம் அப்படியே மூடிக்கொண்டது.

"தலைப்பிரசவம் தாய் வூட்லதான். அதான் மொறை. பொண்ணு காசுல பிளேன் ஏறி, பொண்ணு வூட்ல போயி கை நனைக்கற ஆளு நான் இல்ல" என்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. முதல் சம்பளத்தில் நீ அனுப்பிய பணத்தையே தொடாமல் உன் பேரில் பேங்கில் போட்டவர். உனக்கு இப்போது பிளேனில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைச் சொன்னேன்.  சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீ பரணிதரனைக் கட்டிக்கொண்டேன் என்று போனில் சொன்ன நாளிலிருந்து அவர் உன்னிடம் பேசுவது ஒரே வாக்கியம்தான். "இரு, உங்கம்மாட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். வேறு சாதிப் பிள்ளை என்பது ஒரு பக்கம். தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் பெரிய பக்கம். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் நான் பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்க விடமாட்டார். கிணற்றடியில் இருந்தாலும் ஈரக்கையோடு ஓடிவந்து எடுப்பார். எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த ஓட்டம்.

பொங்கலுக்குப் பிறகு வர வேண்டுமானால் அக்டோபருக்குள் பேர் கொடுக்க வேண்டும் என்றாய். கொஞ்சம் பொறு. அவசரப்பட்டு ஒரு டிக்கெட் மட்டும் போட்டுவிடாதே. அப்படியே அவர் வராவிட்டால் நான் தனியாகவாவது வருவேன், வாயும் வயிறுமாக இருக்கும் உன்னை விட்டுவிட மாட்டேன். ஆனால் நீ இரண்டு பேருக்குச் சேர்த்ததை நான் ஒருத்தியாக வந்து தின்றுவிட எனக்கு மனசில்லை.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா,
சம்பூர்ணம்


பெரம்பலூர்,
10.10.2004

செல்ல மகள் பிரவீணாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் உட்கார்ந்துகொள். பிறகு படி.

இரண்டு வாரம் நான் மைல் பேச்சையே எடுக்கவில்லை. உங்கப்பாவிடம் எதிர்த்துப் பேசினால் ஒன்றும் நடக்காது, அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் வேண்டுமென்றே மெதுவாகப் போவார், அந்தக் குணம்தான் வீட்டிலும். சமயம் வரட்டும் என்று இருந்தேன். வந்தது. டிப்போவில் நம் குடும்ப பாஸைப் புதுப்பித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அதை வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "இந்தப் பாஸ்ல நான் திருச்சி போறனே, இது உங்க காசா?" என்றேன். "என் காசு எப்புடி ஆவும்? நான் ஓட்டுற ஓட்டத்துக்கு டிபார்ட்மெண்டு குடுக்கறது" என்றார். "அப்ப டிபார்ட்மெண்டு நமக்குத் தர்மம் பண்ணுதா?" என்றேன். கோபம் வந்துவிட்டது. "தர்மமா? இது உரிமை! டிரைவர் குடும்பம் வண்டில ஏறுனா எவனும் கை நீட்டிக் காசு கேக்க முடியாது" என்றார்.

"சரிங்க, உங்க பொண்ணு புழங்குற புழக்கத்துக்கு அவ கம்பெனிக்காரன் மைலு குடுக்கறான். அது அவ காசும் இல்ல, அவ புருசன் காசும் இல்ல. அப்ப அது என்னதுங்க?" என்று கேட்டேன்.

 சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அதையே பிசைந்துகொண்டிருந்தார். விட்டேனா? "ஒரு டிக்கெட்டுக்கு எப்பவோ சேந்துருச்சு. என்னைய மட்டும் கூப்புட்டிருக்கலாம்ல? ஏன் கூப்புடல, யாருக்கோசரம் காத்திருந்தான்னு யோசிச்சீங்களா?" என்றும் சொல்லிவிட்டேன். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். காலையில்தான் துடைத்து வைத்த தன் டூவீலரை மறுபடி துடைக்கிற சத்தம் கேட்டது.

உனக்கு நினைவிருக்கும். நீ திருச்சியில் காலேஜ் படித்த நாலு வருஷமும் இந்தப் பாஸில்தான் போய்வந்தாய். அதற்கு முன்னால் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லீவு நாளில் அவர் பஸ்ஸிலேயே உன்னை ஏற்றிக்கொள்வார். தன் சீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இஞ்சின் பேனட் சுடும் என்று தன் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார வைப்பார். கண்டக்டர் இளையபெருமாள் உன்னிடம் வேண்டுமென்றே டிக்கெட் கேட்டு விளையாடுவார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் டிரைவர் பொண்ணு, பாஸ்" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். உங்கப்பா மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். அவருக்குப் பெருமை வந்தால் அப்படித்தான்.

அந்த ரசச் சோற்றுக்குப் பிறகு மூன்று நாள் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நேற்று டூட்டி முடிந்து வந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "அப்ப அது பாஸ்தான்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் எது என்று புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "பாஸ்னா பேரு எழுதுவான்ல. இனிஷியல மாத்தி கீத்தி எழுதிடப் போறா. பாஸ்போர்ட்டுல எப்புடி இருக்கோ அப்புடியே எழுதணும்னு அவகிட்டச் சொல்லு. என்னுத, உன்னுத, ரெண்டையும்."

என்னுத என்றார், பிரவீணா. என்னுத, உன்னுத, ரெண்டையும் என்றார். நான் அடுப்படிக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டார், குறை சொல்லவில்லை.

நீ அங்கே போன புதிதில் நாங்கள் எடுத்துவைத்த பாஸ்போர்ட்டைப் பார்த்து, பேர் இரண்டையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு வரி என்று ஏதோ கொஞ்சம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றாயே, அதை அவர் வந்து உன் கையில் கொடுப்பாராம். மறுக்காமல் வாங்கிக்கொள். அதை மறுத்தால் மறுபடி பேனட் சூடாகிவிடும்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார், வெட்கப்படாமல் எழுதுகிறேன். இந்தப் பாஸில் டிரைவர் பக்கத்தில் சீட் கிடைக்குமா என்று.

உன் அம்மா,
சம்பூர்ணம்


பெரம்பலூர்,
28.11.2004

கண்ணே பிரவீணா,

வெள்ளிக்கிழமை சென்னையில் விசா முடிந்தது. போனில் "ஓகே ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். நடந்ததைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும், போன் கார்டு தாங்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பெண். உங்கப்பா கல்யாண வேட்டி கட்டிக்கொண்டு, டிப்போ மேனேஜர் முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். யார் செலவில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "பாஸ்ல போறோங்க" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்ன பாஸ் என்று கேட்டாள். "குடும்ப பாஸ். எம்பொண்ணோடது" என்றார். உங்கள் பெண் ஏர்லைன்ஸில் வேலை பார்க்கிறாளா என்று கேட்டாள். "இல்லீங்களே. கம்ப்யூட்டர்ல இருக்குது. மளிகைச் சாமான் வாங்கும், அதுல சேந்தது" என்றார். அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.  போச்சு, மூன்று வருஷ உப்பும் புளியும் இந்த ஜன்னலோடு போச்சு என்று நினைத்தேன். பிறகு நான் தட்டுத்தடுமாறி, கார்டு, மைல், கார்டு, மைல் என்று சொன்னேன். அந்த வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். அவரும் அப்படித்தான் சேர்க்கிறாராம். கண்ணாடி வழியாக உங்கப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். இவரும் எதிரே வருகிற பஸ் டிரைவருக்குக் கை காட்டுகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

கடைசியாக, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். உங்கப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம். மொறைப்படி தாய் வூட்லதான் நடக்கணும். அதால வர முடியல. அதனால நாங்க தாய் வூட்டத் தூக்கிக்கிட்டுப் போறோம்" என்றார்.

அந்தப் பெண் குனிந்து ஒரு காகிதத்தைப் புரட்டினாள். பிறகுதான் இங்கிலீஷில் சொன்னாள். என்ன சொன்னாளோ தெரியாது. பாஸ்போர்ட் கூரியரில் வரும், போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து இளநீர் குடித்தோம். எம்பொண்ணு, எம்பொண்ணு என்று முன்பின் தெரியாதவர்களிடம் இரண்டு தடவை சொன்னவர், திரும்பி வருகிற பஸ்ஸில் பாடாலூர் போகிற ஒரு பெரியவரிடமும் சொன்னார். கிரெடிட் கார்டு என்றால் என்ன என்று விளக்கினார். முக்கால்வாசி தப்பு. ஆனால் அந்தப் பெரியவர் வாயைப் பிளந்து கேட்டார். எங்கள் ஸ்டாப் வந்ததுகூடத் தெரியவில்லை, நான் இழுத்து இறக்கினேன்.

சம்பந்தி வீட்டு விஷயமும் ஒன்று இருக்கிறது. உங்கப்பா தினமும் உடையார்பாளையம் வழியாகத்தான் பஸ் ஓட்டுகிறார். மாப்பிள்ளையின் அப்பா சின்னதுரை ஏறுவார், இறங்குவார், இருவரும் முகம் பார்ப்பதில்லை. இது மூன்று வருஷ வழக்கம். நேற்று அவர் டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து நின்று, ஒரு பை முந்திரிப் பருப்பை நீட்டினாராம். "புள்ளத்தாச்சிக்கி. லக்கேஜ்ல எடம் இருந்தா" என்றாராம். இவர் வாங்கி கியர் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அவர் யாருடைய பையையும் வைக்க விட்டதில்லை, உனக்கே தெரியும். பேசினீர்களா என்று கேட்டேன். "வண்டி டைமாயிடுச்சு" என்றார். போகட்டும், ஒவ்வொன்றாக நடக்கட்டும்.

ஜனவரி இருபதாம் தேதி கிளம்புகிறோம். லீவு எழுதிக் கொடுத்து, ஆபீசில் அனுமதியும் வாங்கிவிட்டார். ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது. உனக்குப் பத்திய மருந்துக்கு வேண்டியதெல்லாம் இடித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய் அம்மனிடம் சொல்லிவிட்டு வருகிறேன். உப்பு வாங்கிய காசில் கடல் தாண்டுகிறேன் தாயே என்றால் அவளே ஆச்சரியப்படுவாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

உனக்கு வளைகாப்பு வளையல் உங்கப்பா வாங்கிவிட்டார். நான் சொல்லவில்லை. ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு வளையல் கடைக்குள் போயிருக்கிறார். கடைக்காரம்மா அளவு கேட்டதற்கு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் பிடித்து, "இவ்ளோ" என்று காட்டினாராம். இளையபெருமாள் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். வளையலைப் பிரித்துப் பார்த்தேன். பச்சையும் சிவப்புமாக அழகாக இருக்கிறது. ஆனால் சின்னது. நீ பேனட்மேல் உட்கார்ந்து போன கைக்கும் காலேஜ் போன கைக்கும் நடுவில் ஒரு அளவு. அந்த மனிதரின் விரலுக்கு உன் கை அந்த அளவில்தான் ஞாபகம் இருக்கிறது.

மாற்றிக்கொண்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியான அளவில் நான் தனியாக இரண்டு டஜன் எடுத்து வைத்துக்கொள்கிறேன், அது அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் வாங்கியதைப் பெட்டியில் போட மாட்டாராம், ஏற்றி இறக்குகிறவன் வீசி உடைத்துவிடுவானாம். பிளேனில் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். துண்டை நாலாக மடித்து அதற்குள் சுற்றி வைத்திருக்கிறார்.

ஏர்போர்ட்டில் அவர் உன்னைப் பார்த்ததும் ஒன்றும் பேச மாட்டார். எப்போதும் சொல்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்லி என்னிடம் நீட்டுவதற்கு அங்கே அவர் கையில் போன் இருக்காது. வளையல்தான் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அவர் பேசட்டும் என்று நீ காத்திருக்காதே. மூன்று வருஷம் காத்திருந்து இவ்வளவு தூரம் இழுத்துவிட்டாய், கடைசி ஒரு அடியையும் நீயே வந்துவிடு.

வந்து கையை நீட்டு. வளையல் ஏறாது, வலிக்கும். சோப்புத் தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டு வா. எப்படியாவது ஒன்றையாவது போட்டுக்கொள்ளம்மா.

நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
சம்பூர்ணம்